இடைவேளையின் கணக்கு

1953-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் வைத்தியப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்த ராஜர் பேனிஸ்டர், தம் தோழர்களான கிறிஸ் பிராஷர், கிறிஸ் சாட்டவே இருவரோடும் சேர்ந்து, கால் மைல் தூரத்தைப் பத்து முறை ஓடுவது, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே இரண்டு நிமிஷம் ஓய்வு கொள்வது என்ற ஒரு பயிற்சியை வாரத்தில் பல நாள் செய்யத் தொடங்கினார். அவர்களுக்கு யோசனை சொல்லி வந்தவர் பிரான்ஸ் ஸ்டாம்பிள் என்ற ஆஸ்திரியப் பயிற்சியாளர். தொடக்கத்தில் ஒரு கால் மைலுக்கு 66 விநாடி ஆயிற்று. ஜனவரியும் பிப்ரவரியும் கழிந்தன. வேகம் மெல்ல மெல்ல ஏறியது. ஏப்ரலில் 61 விநாடி வரை வந்து, அதற்குமேல் எவ்வளவு பிரயத்தனம் செய்தும் அசையாமல் நின்றுவிட்டது. ஒரு மைலை நான்கு நிமிஷத்துக்குள் ஓட வேண்டுமானால் கால் மைல் ஒன்றுக்கு 60 விநாடிக்கு மேல் செலவிட முடியாது ஆதலால், அந்த ஒரு விநாடி அவர்களை வாட்டி எடுத்தது. பேனிஸ்டரும் பிராஷரும் ஓட்டத்தையே சில நாள் மறந்து, ஸ்காட்லாந்துக்குப் போய் மலையேறிவிட்டுத் திரும்பினார்கள். வந்து ஓடிப் பார்த்தபோது பத்துச் சுற்றும் 59 விநாடிக் கணக்கில் முடிந்தன. 1954 மே 6-ஆம் தேதி மாலை ஆக்ஸ்போர்டு இஃப்ளி ரோடு மைதானத்தில் நடந்தது உலகம் அறிந்த விஷயம்: ஒரு மைல், 3 நிமிஷம் 59.4 விநாடி.

பயிற்சிக் களத்தில் துண்டு துண்டாக ஓடிய அந்த ஓட்டங்களைப் பார்த்து, பந்தயத்தில் ஒரே மூச்சில் ஓடப்போகும் நேரத்தை முன்கூட்டியே சொல்லியிருக்க முடியுமா என்பதுதான் இங்கே நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி. மிகவும் எளிதாகத் தோன்றும் வழி, 59 விநாடியை நான்கால் பெருக்குவது. பெருக்கினால் 3 நிமிஷம் 56 விநாடி வருகிறது. அன்று லண்டனிலிருந்து ஆக்ஸ்போர்டு செல்லும் ரயிலில், பேனிஸ்டரால் 3 நிமிஷம் 56 விநாடியில் ஓட முடியும் என்று ஸ்டாம்பிள் அவருக்கு நம்பிக்கை ஊட்டினார். காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தபடியால், சுற்று ஒன்றுக்கு ஒரு விநாடி வீதம் அது தின்றுவிடும் என்று பேனிஸ்டரும் கணக்கிட்டிருந்தார். நான்கு விநாடி காற்றுக்குப் போனால் மீதி நான்கு நிமிஷம். ஆக, பெருக்கல் கணக்கும் பயிற்சியாளரின் மதிப்பீடும் காற்றின் கணக்கும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்திவிட்டதாகவே தோன்றும். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், வான்கூவர் நகரில் ஜான் லாண்டியை வென்று பேனிஸ்டர் ஓடிய 3 நிமிஷம் 58.8 விநாடியே அவர் ஆயுளில் ஓடிய மிக வேகமான மைல் என்பதையும், 3 நிமிஷம் 56 விநாடியை அவர் ஒருநாளும் தொட்டதில்லை என்பதையும் கவனித்தால், பெருக்கல் வாய்பாட்டை அத்தனை எளிதில் நம்பிவிடக் கூடாது என்று தெரிகிறது.

அந்தப் பயிற்சியில் 59 என்ற எண்ணை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். இரண்டு நிமிஷம் என்ற மற்றோர் எண்ணை அவ்வளவாக யாரும் பொருட்படுத்துவதில்லை. முன்னறிவிப்பின் சாவி அந்த இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். அதே 59 விநாடிச் சுற்றுக்களை ஐந்து ஐந்து நிமிஷம் ஓய்வெடுத்துக்கொண்டு ஒருவர் ஓடினால், அவரிடம் நல்ல வேகம் இருக்கிறது என்பதற்கு மேல் அதிலிருந்து ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரே ஒரு நிமிஷ ஓய்வோடு ஓடினால், அவர் பேனிஸ்டரைவிடப் பெரிய ஓட்டக்காரர் என்று தயக்கமின்றிச் சொல்லிவிடலாம். கடிகாரம் காட்டிய ஓட்ட நேரம் மூன்றிலும் ஒன்றே, மாறியது ஓய்வு, அது மாறியதால் முன்னறிவிப்பு முழுவதும் மாறிவிடுகிறது.

இத்தகைய பயிற்சிக்கு வழங்கும் இடைவெளிப் பயிற்சி என்ற பெயர் எதைக் குறிக்கிறது என்று பார்த்தாலும், ஓய்வுக்கு ஆதியிலேயே இருந்த முக்கியத்துவம் விளங்கும். 1930-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹான்ஸ் ரைண்டெல் என்ற இருதய வைத்தியரும் சேர்ந்து இந்த முறைக்கு ஒரு சாஸ்திர அடிப்படையை வகுத்தார்கள். ஒரு சிறு தூரத்தை வேகமாக ஓடி நாடித் துடிப்பை நிமிஷத்துக்கு 180 வரை ஏற்றுவது, பிறகு அது 120-க்கு இறங்கும் வரை ஓய்வு கொள்வது, இறங்கியதும் மீண்டும் ஓடுவது. ஒன்றரை நிமிஷத்துக்குள் நாடி 120-க்கு வராவிட்டால், ஓடிய வேகம் அதிகம் அல்லது தூரம் அதிகம் என்று அர்த்தம். இருதயம் வலுப்பெறுவது ஓடும்போது அல்ல, ஓடி நின்ற அந்த இடைவெளியில்தான் என்று ரைண்டெல் கருதியதனால்தான் இடைவெளி என்ற சொல்லே பயிற்சிக்குப் பெயராக நின்றது. கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக், 1939 ஜூலை 15-ஆம் தேதி மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிஷம் 46.6 விநாடியில் ஓடி, அதற்கு முந்திய உலக சாதனையிலிருந்து 1.8 விநாடியை ஒரேயடியாகக் குறைத்தார். அந்த நேரத்தைப் பெல்ஜியத்தின் ரோஜர் மூன்ஸ் முறியடிப்பதற்குப் பதினாறு வருஷம் ஆயிற்று.

ஓய்வு வேளையில் சரீரத்துக்குள் நடப்பது என்ன? தசைக்குள் மூன்று விதமான சக்தி வழிகள் இருக்கின்றன. முதலாவது, கிரியேட்டின் பாஸ்பேட் என்ற பொருள். உடனே கைக்கு வருவது, சில விநாடிகளிலேயே பெரும்பகுதி தீர்ந்துபோவது. இரண்டாவது, பிராணவாயுவின் துணையில்லாமல் சர்க்கரையைச் சிதைத்துச் சக்தி பெறுவது. இதில்தான் லாக்டேட் பிறக்கிறது. மூன்றாவது, நுரையீரலும் இருதயமும் ரத்தமும் கொண்டுவந்து சேர்க்கும் பிராணவாயுவால் எரிபொருளை முழுக்க எரிப்பது. இது வற்றாதது, ஆனால் தாமதமாகக் கிளம்புவது. நின்ற இடத்திலிருந்து வேகமாக ஓடத் தொடங்கியதும், பிராணவாயுவின் வரத்து தேவைக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு எழும்ப ஒரு நிமிஷம்கூட ஆகிவிடும்; அதுவரையில் முதல் இரண்டு வழிகளும்தான் சுமையைத் தாங்குகின்றன. 800 மீட்டர் ஓட்டத்தில் தேவைப்படும் மொத்த சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கையும், 1500 மீட்டர் ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேலும் பிராணவாயு வழியே தருகிறது என்று 2001-இல் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின. எஞ்சிய பங்கு சிறியதுதான்; ஆயினும் நடுத்தூர ஓட்டத்தில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அந்தச் சிறிய பங்கைச் செலவழிக்கும் விதத்தில்தான் தீர்மானமாகின்றன.

இனி ஓய்வைக் கவனிப்போம். செலவான கிரியேட்டின் பாஸ்பேட்டில் பாதி ஏறத்தாழ அரை நிமிஷத்திலேயே திரும்பிவிடுகிறது. மீதி வரவரத் தாமதமாகிறது. தசையில் அமிலத்தன்மை ஏறியிருந்தால் இன்னும் தாமதமாகிறது. ரத்தத்தில் சேர்ந்த லாக்டேட் பாதியாகக் குறைவதற்கோ கால்மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். லாக்டேட்டே களைப்புக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அதனுடன் கூடவே தசையில் ஏறும் அமிலத்தன்மையும், சிதைந்த பாஸ்பேட்டின் குவிதலுமே பெரிய காரணங்கள் என்று இன்று கருதுகிறார்கள். எப்படியாயினும், இரண்டு நிமிஷ ஓய்வில் ஒரு சேமிப்பு பெரும்பாலும் நிரம்பிவிடுகிறது, மற்றொரு கடன் பெரும்பாலும் தீராமலே நிற்கிறது. ஆகவே பத்துச் சுற்று ஓடும்போது ஆறாவது ஏழாவது சுற்றிலிருந்து தோள்கள் மேலே ஏறுகின்றன, முழங்கைகள் இறுகுகின்றன, பாதம் தரையில் விழும் சப்தம் கனக்கிறது, கடைசி நூறு மீட்டரில் அடி குறுகுகிறது. பந்தயத்தின் மூன்றாவது சுற்றில் உடம்பு இருக்கும் நிலையும் ஏறக்குறைய இதுவே ஆதலால்தான், பந்தயத்தை முன்னறிவிக்கும் தகுதி இந்தப் பயிற்சிக்கு வருகிறது.

இந்த விஷயத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தசையின் சக்தியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஏ. வி. ஹில், 1920-களில் ஓட்டப் பந்தய உலக சாதனைகளை வரைபடமாக வரைந்து, வேகம் கூடக்கூட அதைத் தாங்கும் நேரம் ஓர் ஒழுங்கான வளைகோட்டில் குறைவதைக் காட்டினார். அந்த மரபில் 1965-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களான மோனோவும் ஷெரரும் ஒரு சூத்திரம் வகுத்தனர். ஓட்டத்துக்குப் பொருத்திச் சொன்னால், நெடுநேரம் தாங்கக்கூடிய ஓர் எல்லை வேகம் ஒவ்வொருவருக்கும் உண்டு. அந்த வேகத்துக்கு மேலே போவதற்கென்று அளவுபட்ட ஒரு கையிருப்பும் உண்டு என்பதே அதன் சாரம். இறைத்த கிணறு ஊறுவதைப்போல, எல்லை வேகத்துக்குக் கீழே இறங்கிய கணமே அந்தக் கையிருப்பு ஊறத் தொடங்குகிறது. அடிமட்டத்தில் இருக்கும்போது விரைவாகவும், நிரம்ப நிரம்ப நிதானமாகவும் ஊறுகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஓட்டக்காரர் முழுமூச்சாக ஓடி 1200 மீட்டரை 200 விநாடியிலும், வேறொரு நாளில் 3000 மீட்டரை 560 விநாடியிலும் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூர வித்தியாசம் 1800 மீட்டர், நேர வித்தியாசம் 360 விநாடி. வகுத்தால் எல்லை வேகம் விநாடிக்கு 5 மீட்டர். அந்த வேகத்தில் 200 விநாடிக்கு 1000 மீட்டர்தான் போக முடியும். அவர் போனதோ 1200. ஆகவே கையிருப்பு 200 மீட்டர். 1500 மீட்டர் பந்தயத்தில் இந்த 200-ஐக் கழித்து மீதி 1300-ஐ 5-ஆல் வகுத்தால் 260 விநாடி, அதாவது 4 நிமிஷம் 20 விநாடி வருகிறது. இவரே ஒரு மாலையில் 400 மீட்டரைப் பத்து முறை, இரண்டு நிமிஷ ஓய்வோடு, ஒவ்வொன்றும் 66 விநாடியில் ஓடிவிட்டாரென்றால், பெருக்கல் கணக்குக்காரர்கள் 1500 மீட்டருக்கு 4 நிமிஷம் 7 விநாடி என்று மகிழ்ந்துபோவார்கள். 66 விநாடியில் எல்லை வேகம் அவரை 330 மீட்டர்தான் கொண்டுசெல்லும். மீதி 70 மீட்டர் ஒவ்வொரு சுற்றிலும் கையிருப்பிலிருந்து வருகிறது. இடையில் ஊறவே ஊறாவிட்டால் மூன்றாவது சுற்றின் முடிவுக்குள் 200-ம் தீர்ந்துபோயிருக்கும். பத்துச் சுற்று முடிந்ததென்றால், ஒவ்வோர் ஓய்விலும் சராசரியாக ஏறக்குறைய ஐம்பத்தாறு மீட்டராவது ஊறியிருக்கிறது என்றே பொருள். பந்தயத்திலோ ஊறுவதற்கு ஒரு விநாடியும் கிடையாது. 4 நிமிஷம் 7 விநாடிக்கும் 4 நிமிஷம் 20 விநாடிக்கும் இடையே உள்ள பதின்மூன்று விநாடியும் அந்த ஓய்வு நிமிஷங்களின் கொடையே.

பேனிஸ்டருக்கு இந்த வித்தியாசம் இவ்வளவு இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பயிற்சியில் 59 விநாடி. பந்தயத்தில் கால் மைலுக்குச் சராசரி 60 விநாடிக்குச் சற்றே குறைவு. காற்றை எண்ணிக் கழித்தால் இன்னும் நெருக்கம். இந்த வித்தியாசம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. விரைவோட்டக்காரரின் தசை படைத்தவர்கள் சில சுற்றுக்களை அநாயாசமாக ஓடிவிட்டு, ஓய்வு குறுகியதும் சட்டென்று தளர்ந்துபோவார்கள். நெடுந்தூரத்துக்கென்றே பிறந்தவர்கள் எத்தனை சுற்றானாலும் ஒரே வேகத்தில் சுற்றிவருவார்கள், ஆனால் பந்தயத்தின் கடைசி இருநூறு மீட்டரில் வேகத்தைக் கூட்ட முடியாமல் திணறுவார்கள். இருவருடைய பயிற்சிச் சராசரியும் ஒன்றாக இருக்கலாம். 800 மீட்டரில் ஒருவரும் 5000 மீட்டரில் மற்றவரும் வெல்வார்கள்.

ஓய்வைத் திட்டமிட்டே குறைத்துக்கொண்டு போவதால் ஒரு சோதனை எவ்வளவு கூர்மை பெறுகிறது என்பதற்கு, காஸ்மின் சோதனை என்று பயிற்சியாளர்களிடையே வழங்கும் ஒரு முறை நல்ல சான்று. 1500 மீட்டருக்கான சோதனையில், ஒரு நிமிஷம் முழுவேகத்தில் ஓடி எவ்வளவு தூரம் போனோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும், மூன்று நிமிஷ ஓய்வு, மறுபடி ஒரு நிமிஷ ஓட்டம், இரண்டு நிமிஷ ஓய்வு, மறுபடி ஓட்டம், ஒரே ஒரு நிமிஷ ஓய்வு, நான்காவது ஓட்டம். நான்கிலும் ஓடிய மொத்த மீட்டரை 0.1622-ஆல் பெருக்கி, 500.5-இலிருந்து கழித்தால், எதிர்பார்க்கத்தக்க 1500 மீட்டர் நேரம் விநாடியில் வருகிறது. நிமிஷத்துக்கு 400 மீட்டர் வீதம் மொத்தம் 1600 மீட்டர் ஓடியவருக்கு 241 விநாடி, அதாவது 4 நிமிஷம் 1 விநாடி. 800 மீட்டருக்கு இரண்டே ஓட்டங்கள், நடுவே மூன்று நிமிஷ ஓய்வு. நான்கு ஓட்டங்களின் சோதனையை வகுத்தவரின் மதிநுட்பம் அந்த மூன்று, இரண்டு, ஒன்று என்ற இறங்குவரிசையில் இருக்கிறது: கையிருப்பு ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் குறைவாகவே ஊறி, நான்காவது ஓட்டத்தைத் தொடங்கும்போது, பந்தயத்தின் கடைசிச் சுற்றைத் தொடங்குபவனின் நிலைக்கு உடம்பு வந்து சேர்கிறது. இருப்பினும் இத்தகைய சூத்திரங்கள் எந்த வகை ஓட்டக்காரர்களைச் சோதித்துப் பெறப்பட்டனவோ அந்த வகையினருக்கே நன்றாகப் பொருந்தும் என்பதை மறக்கலாகாது.

பயிற்சிக் குறிப்பேட்டை எப்படிப் படிக்கவேண்டும் என்பதற்கு ஒரு சிறு காட்சி. 400 மீட்டர் ஆறு முறை, ஒன்றரை நிமிஷ ஓய்வு. ஒருவர் ஓடிய நேரங்கள் 61, 62, 64, 65, 66, 66. மற்றவர் ஓடியவை 65, 65, 64, 64, 63, 63. இருவருக்கும் சராசரி 64. முதலாமவரின் வீட்டில் அன்று இரவு பேச்செல்லாம் அந்த 61-ஐப் பற்றியே இருக்கும். ஆனால் அவர் கையிருப்பை முதல் இரண்டு சுற்றுக்களில் வாரி இறைத்துவிட்டு, மீதி நான்கிலும் ஓய்வு ஊட்டியதை அன்றாடக் கூலிபோல் அன்றன்றே செலவழித்திருக்கிறார். இரண்டாமவர் ஆறாவது சுற்று முடிந்த பிறகும் எதையோ மீதி வைத்திருக்கிறார். எவ்வளவு என்று அந்தப் பயிற்சி சொல்லவில்லை. 64-ஐவிட நல்ல எண்ணுக்கு உரியவர் என்று மட்டும் சொல்கிறது. ஆகவே முன்னறிவிப்புக்காக ஓடும் நாளில், எல்லாச் சுற்றுக்களும் ஒரே நேரத்தில், அல்லது கடைசிச் சுற்று அரை விநாடி விரைவாக முடியவேண்டும். ஏறுமாறாக ஓடிய நாளின் சராசரியை வைத்துக்கொண்டு ஜோசியம் பார்ப்பதில் பயனில்லை.

ஓய்வு எவ்வளவு என்பதுபோலவே அது எப்படிக் கழிந்தது என்பதும் கணக்கில் சேரவேண்டும். நின்றுகொண்டே இருந்த ஓய்வு வேறு, மெல்ல ஓடிக்கொண்டே கழித்த ஓய்வு வேறு. லாக்டேட் கரைவதற்கு மெல்லோட்டம் உதவுகிறது. கிரியேட்டின் பாஸ்பேட் நிரம்புவதற்கோ அசையாமல் இருப்பதே நல்லது. இன்று நின்று ஓய்வெடுத்து, அடுத்த மாதம் இருநூறு மீட்டர் மெல்ல ஓடி ஓய்வெடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். கடிகாரத்தை ஓட்டத்துக்கு மட்டும் அழுத்திவிட்டு, ஓய்வை மூச்சு நிதானப்படும் வரை என்று விட்டுவிடும் வழக்கம் பல மைதானங்களில் இருக்கிறது. பத்தாவது சுற்றுக்கு முன் அந்த ஓய்வு மூன்றரை நிமிஷமாக நீண்டிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. வெயில், காற்று, தளத்தின் தன்மை, காலணி ஆகியவற்றையும் ஒரு வரியில் குறித்துவைப்பது நல்லது. இப்படி ஒரே பயிற்சியை, ஒரே ஓய்வோடு, பந்தயத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு செய்வது என்று வழக்கப்படுத்திக்கொண்டு, பந்தயம் முடிந்ததும் பயிற்சிச் சராசரிக்கும் பந்தயச் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வருகிறவருக்கு, சில பந்தயங்களுக்குள்ளேயே தமக்கே உரிய ஒரு சூத்திரம் கிடைத்துவிடுகிறது. பிறர் வகுத்த எந்த வாய்பாட்டையும்விட அதை நம்பலாம்.

சுற்றுக்களோடு நிற்காமல், முக்கால் மைலை ஒரே மூச்சில் ஓடிப் பார்க்கும் சோதனையையும் பேனிஸ்டர் வைத்திருந்தார். ஆக்ஸ்போர்டு பந்தயத்துக்குச் சில நாள் முன்பு, பாடிங்டன் மைதானத்தில் முக்கால் மைலை 2 நிமிஷம் 59.9 விநாடியில் ஓடினார். பந்தயத்தன்று, முன்னே ஓடி வேகம் காட்டிய பிராஷரையும் சாட்டவேயையும் தொடர்ந்து, முதல் சுற்றை 57.5 விநாடியில் முடித்து, முக்கால் மைலை மூன்று நிமிஷத்தைச் சற்றே தாண்டிக் கடந்தபோது, அந்த வேகம் அவருக்குப் புதியதாக இருக்கவில்லை. ஆக்ஸ்போர்டில் மனிதர்களை ஓடும் பட்டையின்மேல் ஓடவிட்டு, பிராணவாயு கூடுதலாகக் கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, அவர்களுடைய சகிப்புத்தன்மை எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து அதே 1954-இல் கட்டுரை வெளியிட்டவரும் அவர்தான். ஆராய்ச்சியாளனும் ஆராயப்படும் பொருளும் ஒரே ஆளாக அமைந்த அந்தச் சேர்க்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

அவருக்கே ஒருமுறை சோதனை கைகொடுக்கவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு முக்கால் மைலை 2 நிமிஷம் 52.9 விநாடியில் ஓடியிருந்தார். அதுவரை உலகில் யாரும் அந்தத் தூரத்தை அவ்வளவு விரைவில் ஓடியதாகத் தகவல் இல்லை. அதை வைத்து யார் கணித்திருந்தாலும் 1500 மீட்டரில் தங்கப் பதக்கம் அவருக்கே என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கடைசி நேரத்தில் அரையிறுதிச் சுற்று ஒன்று சேர்க்கப்பட்டு, அடுத்தடுத்து மூன்று நாள் ஓடவேண்டி வந்தது. குறைந்த பயிற்சியில் கூர்மையாகத் தயாராகியிருந்த பேனிஸ்டர் இறுதிப் பந்தயத்தில் நான்காவதாக வந்தார். லக்ஸம்பர்க் நாட்டின் ஜோசி பார்தெல் வென்றார். ஒரே ஒரு நாளில் புத்துணர்ச்சியோடு ஓடிய சோதனை, மூன்றாவது நாள் களைத்த காலோடு ஓடும் பந்தயத்தைச் சொல்ல முடியாது; அங்கே குறுக்கிடும் ஓய்வு இரண்டு நிமிஷம் அல்ல, ஓர் இரவு. தகுதிச் சுற்றுக்கள் உள்ள போட்டிக்குப் போகிறவர், தமது வழக்கமான பயிற்சியை ஒரு தடவையாவது அடுத்தடுத்த இரண்டு நாள், ஒரே ஓய்வோடு செய்து பார்த்து, முதல் நாள் சராசரிக்கும் மறுநாள் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொண்டால், இறுதிப் பந்தயத்துக்கு எதிர்பார்க்கும் நேரத்தோடு எத்தனை விநாடி கூட்டவேண்டும் என்பது ஊரைவிட்டுப் புறப்படுமுன்பே ஓரளவு தெரிந்துவிடும்.